வரத்துக்காலும் மறுகாலும் இல்லாத குளம்

சென்ற இதழின் கேள்வி பதில் பகுதியில், அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கியிருந்த காலங்களில் ஓரிகன் மாநிலத்தின் எரிமலை ஏரி ஒன்றை மூன்று வெவ்வேறு பருவங்களில் பார்த்ததாகப் போகிறபோக்கில் எழுதியிருந்தேன். 'கிரேட்டர் லேக்' (Crater Lake) என்ற பெயரையும், ஓர் ஆறோ ஓடையோ வந்து விழாத ஏரி அது என்பதையும் மட்டும் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். அந்த நான்கு வரிகளுக்குத் தாமிரபரணிக் கரையிலிருந்து இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் பெருகிவிட்டதே காரணமாக இருக்கலாம். எனவே இந்த முறை பக்கம் முழுவதையும் அந்த ஏரிக்கே கொடுத்துவிடுகிறேன்.

கேள்வி: மகன் போர்ட்லண்ட் நகரில் வேலை பார்க்கிறான். அக்னி நட்சத்திர வெயிலுக்குத் தப்பி ஏப்ரல் தொடக்கத்தில் நானும் என் மனைவியும் அங்கே செல்கிறோம். ஐப்பசியில் திரும்புவதாகத் திட்டம். போய்ச் சேர்ந்த வாரமே அந்த ஏரிக்கு அழைத்துப்போவதாக மகன் சொல்கிறான். ஏப்ரலில் போகலாமா, ஐயா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: போகலாம், ஆனால் ஏரியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவீர்கள் என்று என்னால் உறுதி கூற இயலாது. நானும் முதல்முறை ஏப்ரலில்தான் போனேன். நம் ஊரில் பங்குனி உத்திரம் கழிந்து பதநீர் விற்பனைக்கு வரும் அந்த மாதம், 7,100 அடி உயரத்தில் இருக்கும் அந்த ஏரியின் விளிம்பில் இன்னும் குளிர்காலம்தான். போர்ட்லண்டிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் காரில் போனோம். அடிவாரத்தில் சாலையோரம் திட்டுத்திட்டாகக் கிடந்த பனி, மேலே ஏற ஏற இருபுறமும் சுவராக எழுந்து, பூங்காத் தலைமையகத்தைத் தாண்டியபோது எங்கள் காரின் கூரைக்கு மேலே நின்றது. விளிம்பில் இறங்கியதும் மருமகன் கையை நீட்டி, "ஏரி அங்கேதான் இருக்கிறது, மாமா" என்றார். அவர் காட்டிய திசையில், அப்போதுதான் சுண்ணாம்பு அடித்த சுவரைப்போல ஒரே வெண்மை. முக்கால் மணி நேரம் நின்றோம். நடுவே ஒருமுறை மேகம் கிழிந்து, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும், கீழே வெகு ஆழத்தில் ஒரு நீலம் தெரிந்து உடனே மூடிக்கொண்டது. என் துணைவியார் அந்த நேரம் பார்த்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்ததால், நான் ஏதோ கற்பனையாகச் சொல்வதாகவே நெடுநாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

இது எங்கள் துரதிர்ஷ்டம் மட்டுமன்று. குளிர்கால நாட்களில் பாதிக்குப் பாதி ஏரி மேகத்துக்குள் மறைந்துவிடும் என்பது அங்கே அனைவருக்கும் தெரிந்த செய்திதான். எங்கள் மருமகனுக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. பூங்கா நிர்வாகம் விளிம்பில் கேமரா பொருத்தி அன்றன்றைய காட்சியை இணையத்தில் காட்டுகிறது. புறப்படும் அன்று காலையில் அதைப் பார்த்துவிட்டு, நீலம் தெரிந்தால் மட்டும் காரை எடுக்கச் சொல்லுங்கள். சக்கரத்துக்குப் பூட்டும் சங்கிலியும் காரில் இருக்கட்டும். என் யோசனையைக் கேட்டால், முதல் பயணத்தை ஆடி மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, ஊர் திரும்புவதற்கு முன்னால் புரட்டாசியில் இன்னொரு முறை போய்வாருங்கள். ஆறு மாதம் இருக்கப்போகிறவர்கள் முதல் வாரத்திலேயே அவசரப்பட வேண்டியதில்லை.

கேள்வி: எங்களுக்குச் 'சீசன்' என்றால் குற்றாலம்தான். அந்த ஏரிக்குச் சீசன் எப்போது?
— வாசகி, தென்காசி

பதில்: ஆனி பிறந்து, மலையில் சாரல் விழுந்து, அருவியில் தண்ணீர் கொட்டினால் உங்களுக்குச் சீசன். தண்ணீர் எப்போதும் இருந்த இடத்திலேயே இருக்கும் அந்த ஏரிக்கோ, அதனிடம் செல்லும் சாலையிலிருந்து பனி அகன்றால்தான் சீசன். ஆண்டொன்றுக்குச் சராசரியாக 13 மீட்டர் அளவுக்கு அங்கே பனி பொழிகிறது. நன்றாக வளர்ந்த ஒரு தென்னையை மூடும் உயரம். விழுந்ததெல்லாம் அப்படியே நிற்காமல் இறுகியும் உருகியும் தாழ்ந்தாலும், மாசி பங்குனியில் விளிம்பிலுள்ள கட்டடங்களின் கீழ்த்தளத்து ஜன்னல்கள் பனிக்குள்ளேதான் இருக்கும்.

ஏரியைச் சுற்றி விளிம்போடு ஓடும் சாலையின் நீளம் 53 கிலோமீட்டர். அதன் மேல் கிடக்கும் பனியை இயந்திரங்கள் வைத்து அள்ளத் தொடங்கினால், முழுச் சுற்றும் திறப்பதற்குப் பெரும்பாலும் ஜூலை ஆகிவிடுகிறது. அதாவது குற்றாலத்தில் சீசன் உச்சத்தில் இருக்கும் நாட்களில்தான் அங்கே சாலையே திறக்கிறது. ஜூன் மாதத்துப் படங்களைப் பார்த்துவிட்டு ஏமாறாதீர்கள். வானம் தெளிவாகவும் ஏரி முழு நீலமாகவும் இருக்கும், ஆனால் நடைபாதைகள் அத்தனையும் பனிக்கு அடியில் கிடக்கும்.

நான் இரண்டாம் முறை சென்றது ஜூலைக் கடைசியில். அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் இந்தப் பக்கம் முழுவதும் எழுதலாம். வெயில் இருந்தது, காற்றில் குளிர்ச்சியும் இருந்தது. ஊற்று நீர் கசியும் சரிவுகளில், பனி விலகிய ஈரத்தில், மஞ்சளும் ஊதாவும் சிவப்புமாகக் காட்டுப்பூக்கள். எட்டு மாதம் பனிக்கு அடியில் கிடந்த செடிகள், கிடைத்த சில வாரங்களுக்குள் துளிர்த்து, பூத்து, விதைத்துவிட வேண்டும் என்ற அவசரம் அவற்றில் தெரிந்தது. விளிம்பின் பைன் மரங்களில் சாம்பல்நிறப் பறவை ஒன்று கூம்புகளைக் கொத்திக் கொட்டை எடுத்து, தொண்டைப் பையில் அடைத்துக்கொண்டு போய், மண்ணில் அங்கங்கே புதைத்துவைக்கிறது. புதைத்ததில் அது மறந்துபோனவை முளைத்துத்தான் அந்த மரங்கள் பரவுகின்றன. கொசுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பனி உருகும் ஈரத்தில் ஜூலை முழுவதும் கொசுக்கள் மொய்க்கின்றன. நம் ஊர்க் கொசுவுக்கே பழகிய கை என்று அலட்சியமாகச் சென்ற நான், அன்று மாலை வேப்பெண்ணெயை நினைத்து ஏங்கினேன்.

ஆகஸ்டில் கொசு குறையும். ஆனால் காட்டுத்தீப் புகை வந்துவிடக்கூடும். சில ஆண்டுகளில் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் எங்கேயோ எரியும் காட்டின் புகை பள்ளத்துக்குள் இறங்கி, எதிர்க்கரையையே மறைத்துவிடுகிறது. இந்தப் புகை மட்டும் வராமல் இருந்தால் செப்டம்பர்ப் பிற்பகுதியே மிகச் சிறந்த காலம் என்பேன்: கூட்டம் குறைவு, வானம் தெளிவு, இரவில் உறைகுளிர், பகலில் இளவெயில். நான் மூன்றாம் முறை சென்றது அக்டோபர் முதல் வாரம். முந்தைய இரவு அந்தப் பருவத்தின் முதல் பனி விழுந்திருந்தது. ஏரிக்குள் மேற்கு ஓரமாக நிற்கும் விசார்ட் தீவின் கூம்பு, விபூதி பூசியதுபோல உச்சியில் மட்டும் வெளுத்திருந்தது. அக்டோபர் நடுவில் விளிம்பிலுள்ள பழைய தங்கும் விடுதியை மூடிவிடுகிறார்கள். அது மறுபடி திறப்பது மே மாதத்தில். நவம்பர் தொடங்குவதற்குள் சுற்றுச்சாலையும் மூடப்பட்டுவிடும். அதன் பிறகு தெற்குப் பக்கத்திலிருந்து விளிம்புக்கு ஏறும் ஒரு சாலை மட்டுமே பனி அகற்றப்பட்டுத் திறந்திருக்கும்.

கேள்வி: ஓர் ஆறோ ஓடையோ வந்து விழாத ஏரி என்று எழுதியிருந்தீர்கள். வரத்துக்கால் தூர்ந்தால் குளம் செத்துவிடும் என்பது எங்கள் அனுபவம். வரத்தே இல்லாத ஏரி எப்படி நிரம்பியது? நிரம்பியது எப்படி மறுகால் பாயாமல் இருக்கிறது?
— குளத்துப் பாசன விவசாயி, வீரவநல்லூர்

பதில்: எனக்கு வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது உங்களுடையதுதான். வரத்துக்கால், மடை, மறுகால் என்ற மூன்று சொற்களைக்கொண்டு ஒரு நீர்நிலையின் முழுச் சாதகத்தையும் கணித்துவிடும் மண் நம்முடையது. அந்தக் கணக்கு செல்லுபடியாகாத ஒரு குளத்தை நான் பார்த்தது அங்கேதான்.

முதலில் பள்ளம் வந்த கதை. இப்போது ஏரி இருக்கும் இடத்தில், ஏறத்தாழ 12,000 அடி உயரத்துக்கு மசாமா என்ற எரிமலை நின்றது. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன்னர் அது வெடித்தபோது, அடியில் தேங்கியிருந்த பாறைக்குழம்பு ஏறத்தாழ 50 கன கிலோமீட்டர் அளவுக்கு வெளியே கொட்டிவிட்டது. சாம்பல் கனடா வரையில் போய் விழுந்தது. உச்சி வெடித்துப் பறந்ததால் பள்ளம் உண்டானதாகப் பலர் எண்ணுகிறார்கள், அது சரியன்று. உள்ளே இருந்தது காலியானதும், தாங்குவதற்கு ஏதுமில்லாமல், அடிமண் அரித்துப்போன கிணற்றின் வாய் உள்நோக்கிச் சரிவதைப்போல, மலையின் மேற்பகுதி தனக்குள்ளேயே இறங்கிவிட்டது. இப்படிப்பட்ட பள்ளத்தைக் 'கால்டெரா' என்கிறார்கள். ஸ்பானிய மொழியில் அதற்குப் பொருள் கொப்பரை. நம் கார்த்திகைத் தீபக் கொப்பரையை நினைத்துக்கொண்டால் வடிவம் சரியாக வரும்.

இனி வரத்து. கொப்பரையின் விளிம்புக்கு வெளியே விழும் மழையெல்லாம் வெளிப்புறச் சரிவில் ஓடிவிடும்; உள்ளே விழுவது மட்டுமே ஏரிக்குச் சொந்தம். ஆகவே வானத்திலிருந்து நேராக விழும் மழையும் பனியும், உட்சுவர்களிலிருந்து உருகி வழிவதும்தான் மொத்த வரத்தும். இப்படிச் சொட்டுச்சொட்டாகச் சேர்ந்து அந்தப் பள்ளம் இன்றைய மட்டத்துக்கு வருவதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தொடக்கத்தில், வருவது அதிகமாகவும் போவது குறைவாகவும் இருந்தபடியால் மட்டம் ஏறிக்கொண்டே போயிற்று. ஏற ஏற, நீர்ப்பரப்பு அகன்று, ஆவியாகும் அளவு கூடியது. சுவரில் நீர் கசியக்கூடிய அடுக்கை எட்டியதும் கசிவும் சேர்ந்துகொண்டது. ஓர் ஆண்டில் விழுவதும் அதே ஆண்டில் ஆவியாகவும் கசிவாகவும் போவதும் சமமான மட்டத்தில் ஏரி நின்றுவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற மறுகால் இல்லையே தவிர, கண்ணுக்குத் தெரியாத மறுகால் சுவருக்குள்ளேயே இருக்கிறது. மழை மிகுந்த ஆண்டுகளில் மட்டம் கொஞ்சம் ஏறும், வறண்ட ஆண்டுகளில் இறங்கும். விளிம்பைத் தாண்டி வழிந்ததாக வரலாறு இல்லை.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், "அப்படியானால் அது தேங்கிக் கெட்ட தண்ணீராகத்தானே இருக்கும்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான ஐயம். ஆனால் நம் குளங்களுக்கு வரத்துக்கால் கொண்டுவருவது தண்ணீரை மட்டுமன்று. வண்டல், உரம், சாக்கடை, அமலைச்செடி என்று வழியில் உள்ள அனைத்தையும் அதுவே சேர்த்து இழுத்துவருகிறது. வண்டல் வயலுக்கு வரம். தெளிவுக்கு அது பகை. கிரேட்டர் லேக்குக்குள் எதுவும் வந்து சேர வழியில்லாததால், உலகின் மிகத் தெளிந்த ஏரிகளுள் ஒன்றாக அது இருக்கிறது. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள கறுப்பு வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பதுதான் தெளிவை அளக்கும் முறை. அங்கே அது ஏறத்தாழ 30 மீட்டர் ஆழம் வரையில் தெரிகிறது. நம் குளத்தில் இறக்கினால் முழங்கால் ஆழத்துக்குள் மறைந்துவிடும். அதனால் நம் குளம் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த ஏரியை நம்பி ஒரு மரக்கால் விதைப்பாடுகூட விளைவதில்லை.

கேள்வி: ஏரியின் நீலம் படங்களில் சாயம் கலந்ததுபோல் இருக்கிறது. உண்மையிலேயே அப்படித்தானா? ஆழம் எவ்வளவு?
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: உண்மையிலேயே அப்படித்தான். வெயில் தண்ணீருக்குள் இறங்கும்போது அதிலுள்ள சிவப்பு முதலில் உறிஞ்சப்படுகிறது. அடுத்து மஞ்சளும் பச்சையும் குறைகின்றன. எஞ்சும் நீலம் மிக ஆழம்வரையில் சென்று, நீர் மூலக்கூறுகளால் சிதறடிக்கப்பட்டுக் கண்ணுக்குத் திரும்பிவருகிறது. கலங்கல் இருந்தால் ஒளி பாதியிலேயே மோதித் திரும்பிவிடும். ஆழமும் தெளிவும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதால்தான் அந்த நிறம். கரையோரத்தில் ஆழம் குறைந்த இடங்களில் அதே தண்ணீர் மயில்கழுத்துப் பச்சையாகத் தெரிவதையும் கவனித்தேன். மேகம் மூடிய நாளில் நிறம் மங்கி, ஈயத் தகடுபோல் ஆகிவிடும்.

ஆழம் 1,943 அடி, அதாவது 592 மீட்டர். அமெரிக்காவிலேயே மிக ஆழமான ஏரி இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தின் உயரம் 192 அடி என்பார்கள். பத்துக் கோபுரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் பத்தாவதன் கலசம் தண்ணீருக்குள்ளேதான் இருக்கும். 1886ஆம் ஆண்டில் கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியலாளரின் குழுவினர், செங்குத்தான சுவர் வழியாக ஒரு படகைக் கீழே இறக்கி, பியானோக் கம்பியின் நுனியில் ஈயக் குண்டைக் கட்டிவிட்டு அளந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த அளவு 1,996 அடி. கம்பியும் குண்டும் கொண்டு அளந்ததில் 53 அடிதான் பிழை என்றால், அந்தக் கைகளைக் கும்பிடத் தோன்றுகிறது.

கேள்வி: இவ்வளவு குளிரில் ஏரி உறைந்துபோகாதா?
— வாசகர், களக்காடு

பதில்: அபூர்வமாகவே உறையும். கோடை வெயிலை அத்தனை ஆழமான நீரும் உள்ளே வாங்கிவைத்துக்கொள்வதாலும், காற்று மேல்நீரைப் புரட்டிக்கொண்டே இருப்பதாலும், குளிர்காலத்துக்குள் அது முழுவதும் குளிர்ந்து முடிவதில்லை. முழுப் பரப்பும் கடைசியாக உறைந்தது 1949இல். இதனால் குளிர்காலத்தில் தெளிவான நாள் ஒன்று வாய்த்துவிட்டால், சுற்றிலும் வெள்ளை, நடுவில் கருநீலம் என்று அமையும் அந்தக் காட்சிக்கு ஈடில்லை என்று அங்கே உள்ளவர்கள் சொல்கிறார்கள். எனக்கு வாய்த்தது உள்ளங்கை அகலம்தான்.

கேள்வி: எனக்கு மூட்டுவலி உண்டு. ஏரிக்கரை வரை இறங்க முடியுமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, வள்ளியூர்

பதில்: இறங்காதீர்கள். தண்ணீரைத் தொடுவதற்கு வடகரையில் உள்ள ஒரே ஒரு பாதைக்குத்தான் அனுமதி உண்டு. அது 1.8 கிலோமீட்டர் தூரத்துக்குள் 700 அடி இறங்குகிறது; இறங்கியதை ஏறியே தீர வேண்டும். அந்தப் பாதையைச் சீரமைப்பதற்காகப் பல கோடைகளுக்கு மூடிவைப்பதாகவும் அறிவித்திருக்கிறார்கள் என்பதால், இளைஞர்களும் விசாரித்துவிட்டே செல்ல வேண்டும். விளிம்பிலிருந்து பார்ப்பதற்கு ஓர் அடிகூட இறங்க வேண்டியதில்லை. சாலையோரம் ஆங்காங்கே காரை நிறுத்திப் பார்க்கலாம். என் கண்ணுக்கு ஏரி மேலிருந்தே அழகு. கொடைக்கானலின் உயரத்தையொட்டிய இடம் ஆகையால் வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும்.

சாப்பாட்டுக்கு விடுதியையோ கடையையோ நம்ப வேண்டாம். புளியோதரையும் துவையலும் கட்டிக்கொண்டுபோய், பைன் மர நிழலில் பிரித்துச் சாப்பிட்டோம். மூடியைத் திறந்த உடனே சிறு அணில் ஒன்று வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. முதுகிலே நம் ஊர் அணிலைப்போலவே கோடுகள். இராமர் தடவிய அணில் இவ்வளவு தூரம் எப்படி வந்தது என்று பேத்தி கேட்டாள். விலங்குகளுக்கு உணவு இடுவது அங்கே குற்றம் என்பதால், அது பார்த்துக்கொண்டிருக்கவே நாங்கள் சாப்பிட்டு முடிக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: மறுபடியும் வெடிக்குமா?
— வாசகர், கடையநல்லூர்

பதில்: அது உறங்கும் எரிமலையே தவிர, செத்த எரிமலை அன்று. பெருவெடிப்புக்குப் பிறகும் சிறு கக்கல்கள் நிகழ்ந்திருக்கின்றன. விசார்ட் தீவே அப்படி எழுந்ததுதான். கடைசியாக, சுமார் 4,800 ஆண்டுகளுக்கு முன்னர், நீருக்கு அடியில் ஒரு கக்கல். ஏரியின் தரையில் வெந்நீர் கசியும் இடங்களை 1980களின் இறுதியில் சிறு நீர்மூழ்கியில் இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். இன்று கருவிகள் வைத்துக் கண்காணிக்கிறார்கள். நீங்கள் பயணச்சீட்டை ரத்துசெய்ய வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் பக்கத்தில் மலை இருந்தால் சாமி இருக்கும். அங்கே உள்ள பழங்குடியினர் அந்த ஏரியை எப்படிப் பார்க்கிறார்கள்?
— வாசகி, பாபநாசம்

பதில்: கிளாமத் பழங்குடியினருக்கு அந்த ஏரி புனிதமானது, அவர்கள் மொழியில் அதன் பெயர் கீவாஸ். கீழுலகின் தலைவனான லாவோ அந்த மலைக்குள் குடியிருந்தான் என்றும், மேலுலகின் தலைவனான ஸ்கெல்லோடு அவனுக்கு நெருப்பும் பாறையுமாகப் போர் மூண்டது என்றும், தோற்ற லாவோவின்மேல் மலை இடிந்து விழுந்தது என்றும், பள்ளத்தில் பின்னர் தண்ணீர் நிறைந்தது என்றும் அவர்களிடையே கதை வழங்குகிறது. மலை உள்நோக்கி விழுந்தது என்பதை நிலவியலாளர்கள் கண்டுபிடிப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே அந்தக் கதை சொல்லப்பட்டுவந்திருக்கிறது. அதே மாநிலத்தில் ஃபோர்ட் ராக் என்ற குகையில், மசாமாவின் சாம்பல் அடுக்குக்குக் கீழே, மரப்பட்டை நாரால் முடைந்த செருப்புகளை 1938இல் தோண்டி எடுத்தார்கள். அவை 9,000 ஆண்டுகளுக்கும் பழையவை. ஆகவே மலை இடிந்தபோது அந்த நாட்டில் ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அகத்தியர் மலை அடிவாரத்தில் இருக்கும் உங்களுக்கு, ஒரு கதை இவ்வளவு காலம் வாய்மொழியாக நிற்குமா என்ற சந்தேகம் வராது என்று நினைக்கிறேன்.

வெள்ளையர்கள் அதைப் பார்த்தது 1853இல், தங்கம் தேடி அலைந்தபோது. ஆனால் ஊரறியச் செய்தவர் வில்லியம் கிளாட்ஸ்டோன் ஸ்டீல். கான்சாஸ் மாநிலத்தில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, மதியச் சாப்பாட்டைச் சுற்றியிருந்த செய்தித்தாளில் அந்த ஏரியைப் பற்றிப் படித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1885இல்தான் நேரில் பார்த்தார். பார்த்தவர் விடவில்லை, பதினேழு ஆண்டுகள் மனுப் போட்டு அலைந்து, 1902இல் அதைத் தேசியப் பூங்காவாக ஆக்கவைத்தார். மீனே இல்லாத அந்த ஏரியில் 1888இல் மீன்குஞ்சுகளைக் கொண்டுபோய் விட்டவரும் அவரே. இந்த ஒரு காரியத்தை அவர் செய்யாமல் இருந்திருக்கலாம் என்பது என் கருத்து. அன்பு மிகுந்தவர்கள் இப்படித்தான் எதையாவது செய்துவிடுகிறார்கள்.

கேள்வி: அமெரிக்கா எங்களுக்கு எட்டாது. இந்தியாவிலோ பக்கத்திலோ இப்படி ஏரி இல்லையா? லோனார் எரிமலை ஏரிதானே?
— வாசகர், திசையன்விளை

பதில்: அன்று. மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரி எரிமலைப் பாறையான பசால்ட்டில் அமைந்திருப்பதால் அந்தக் குழப்பம் நேர்கிறது. பள்ளத்தை உண்டாக்கியதோ விண்கல். 1.8 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தப் பள்ளத்து நீர் உப்பும் காரமும் கொண்டது. 2020 ஜூனில் நுண்ணுயிர்களால் இளஞ்சிவப்பாக மாறியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். நம் பொதிகை மலையிலும் எரிமலை வாய் எதுவும் கிடையாது.

உண்மையான எரிமலை ஏரியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் சுமத்ராவின் தோபா. 74,000 ஆண்டுகளுக்கு முன்னர் வெடித்த இடம். அதன் சாம்பல் இந்திய மண்ணிலும் அடுக்காகக் கிடைக்கிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் கொண்ட அது, உலகிலேயே மிகப் பெரிய எரிமலை ஏரி. நடுவில் உள்ள சமோசிர் தீவில் ஊர்களும் வயல்களும் இருக்கின்றன. பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் பனியும் இல்லை, பூங்காவின் கதவடைப்பும் இல்லை. மழை மிகுந்த மாதங்கள், மழை குறைந்த மாதங்கள் என்ற வேறுபாடு மட்டும்தான். போகும் வழியில் மேடான் நகரில் தமிழர்கள் இருக்கிறார்கள். சுமத்ராவின் மேற்குக் கடற்கரையில் பாருஸ் என்ற ஊரருகே, நம் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. ஆகவே நம்மவர்களுக்கு அந்தத் திசை புதிதன்று.

கேள்வி: ஏரியில் ஒரு மரம் நின்றபடி மிதக்கிறது என்று மருமகள் சொல்கிறாள். நம்பலாமா?
— வாசகி, சேரன்மகாதேவி

பதில்: நம்பலாம். 'ஏரிக் கிழவன்' என்று அதற்குப் பெயர். 1896ஆம் ஆண்டிலேயே பதிவாகியிருக்கும் அந்த அடிமரம், ஏறத்தாழ 30 அடி நீளத்தில் நான்கடி மட்டும் மேலே தெரிய, செங்குத்தாக நின்றபடி காற்றுக்கேற்ப ஏரி முழுவதும் அலைகிறது. 1938இல் மூன்று மாதம் தொடர்ந்து குறித்துப் பார்த்ததில் 62 மைல் நடந்திருந்ததாம். நீர்மூழ்கி ஆய்வின்போது இடைஞ்சலாக இருக்கும் என்று கட்டிவைத்ததும் புயல் வந்ததாகவும், அவிழ்த்துவிட்டதும் வானம் வெளுத்ததாகவும் படகோட்டிகள் கதை சொல்கிறார்கள். ஜூலைப் பயணத்தில் படகில் ஏறிய நாங்கள் இரண்டு மணி நேரமும் கண்ணைச் சுழற்றிக்கொண்டிருந்தோம். கிழவர் அன்று வேறு கரைக்குப் போயிருந்தார்.

கேள்வி: தாமிரபரணித் தண்ணீரைச் சொம்பில் எடுத்துக்கொண்டுதான் நாங்கள் எங்கும் போவோம். அந்த ஏரித் தண்ணீரைத் தாங்கள் கொண்டுவந்தீர்களா? எப்படி இருந்தது?
— வாசகர், ஸ்ரீவைகுண்டம்

பதில்: கொண்டுவரவில்லை. ஆனால் அந்த ஜூலை நாளில், பாதை திறந்திருந்தபடியால், நான்கு இடங்களில் உட்கார்ந்து எழுந்து கரைவரையில் இறங்கினேன். பாறையில் குந்தி இரு கைகளாலும் அள்ளினேன். விரல்கள் மரத்துப்போகும் குளிர். மேலிருந்து பார்த்த நீலத்தில் ஒரு துளியும் கைக்குள் இல்லை. உள்ளங்கை ரேகை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டேன். திரும்பி மேலே ஏற ஒன்றரை மணி நேரம் ஆனது.